இறங்கி நடக்கக் கூடாத ஊர்

கரடியூர்,
புதன்கிழமை காலை.

அன்பு மகள் ஆன்மேரிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே உடம்பளவில் எல்லாரும் சுகம், மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ சுகமா என்று கேட்டால் 'நல்லாருக்கேம்மா' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று சொல்கிறாய், நடுவில் உன் முகம் அப்படியே நின்றுவிடுகிறது, அப்புறம் 'டூட்டிக்கு நேரமாச்சு' என்கிறாய். கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார். என் அண்ணன் மகன் ஆசிர் வெள்ளிக்கிழமை சிகாகோவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் ஒரு சிறு பொட்டலத்தையும் கொடுத்தனுப்புகிறேன். அங்கிருந்து உனக்குத் தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். 'நானே வண்டி எடுத்துட்டுப் போயிக் குடுத்தர்றனுங்கத்தே' என்றான். இந்த மாதத்தில் உங்கள் ஊர் ரோட்டில் இன்னொரு பிள்ளையும் வண்டி ஓட்ட வேண்டாம், தபால்காரனே கொண்டுவரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் கை குக்கர் ஆவியில் வெந்தது இல்லை என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது கண்ணு. கிறிஸ்துமஸ் அன்று மதியம் ஆசிர் நம் ஊட்டில்தான் சாப்பிட்டான். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, 'ஆன்மேரிக்கு வெரலு இப்ப எப்படி இருக்குதுங்கத்தே, ஸ்நோவுல மாட்டுனதுல கறுத்துப் போயிருந்துச்சே' என்று சர்வ சாதாரணமாகக் கேட்டான் பாவம், எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறான். நான் கரண்டியை வைத்துவிட்டேன். உன் அப்பா பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவனையே பார்த்தார். அதற்கப்புறம் அவன் மழுப்பப் பார்த்தும் நான் விடவில்லை, ஒன்றொன்றாகக் கேட்டு வாங்கிவிட்டேன். நீ முதியோர் இல்லத்தில் டூட்டி முடித்து மத்தியானம் காரில் திரும்பினதும், காற்று எழும்பி முன்னால் ஒன்றுமே தெரியாமல் போனதும், நீ வண்டியை நிறுத்தி விளக்கைச் சிமிட்டவிட்டு, ரோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கதவைத் திறந்து இறங்கி நடந்ததும், கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் கார் இருந்த இடமே தெரியாமல் போனதும். பக்கத்துச் சோளக்காட்டுக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். கையுறை போட்டிருந்தும் ரெண்டு விரல் விறைத்துவிட்டதாம். டேல் என்கிற அந்த ஊர் விவசாயி டிராக்டரில் ரோட்டு ஸ்நோவைத் தள்ளிக்கொண்டு வந்தவர், விளக்குச் சிமிட்டுகிற காரையும் திறந்து கிடந்த கதவையும் பார்த்துவிட்டு ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே நின்றாராம், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நீ வந்து சேர்ந்தாயாம். இத்தனையும் நடந்துவிட்டு மறுநாள் கட்டுப் போட்ட கையை போனில் காட்டி 'குக்கர் ஆவிம்மா' என்றாய், நானும் தேன் தடவு, குளிர்ச்சியாக இருக்கும் என்று வைத்தியம் சொன்னேன். நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது. உன் மேல் கோபமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் கோபம் மேலேதான், அடியில் வெறும் பயம்.

அன்றைக்கு அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனவர்தான். நீ கூப்பிடும்போதெல்லாம் 'அப்பா எங்கம்மா' என்கிறாய், 'ஜீப்பைக் கழுவறாரு சாமி' என்கிறேன். நிஜமாகவே கழுவுகிறார். உன் போன் அடித்தால் வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், இப்படியே கழுவினால் பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்துவிடும். அப்பா உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ ஆசிரிடம் போனில் அழுதாயாம். அது இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. டேல் பெரியவர் உன்னைத் திட்டினாராமே, 'வண்டிக்குள்ளேயே இருந்தவர்களை அன்றைக்கே கண்டுபிடித்துவிடுகிறோம், இறங்கி நடந்தவர்களை ஸ்நோ உருகின பிறகுதான் கண்டுபிடிக்கிறோம்' என்று. இறங்கிப் போகலாம் என்று யார் உனக்குச் சொன்னது என்று கேட்டதற்கு நீ 'எங்க ஊரில் அப்படித்தான் செய்வோம், எங்க அப்பா அப்படித்தான்' என்றாயாம். ஆசிர் இதைச் சொன்னபோது உன் அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு பேச்சுதான் அவரை உட்காரவிடாமல் அடிக்கிறது.

கொஞ்சம் பொறு, மேகம் இறங்குகிற மாதிரி இருக்கிறது, களத்தில் காப்பிப் பழம் காய்கிறது, போய்த் தார்ப்பாய் மூடிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இந்த வருஷம் வானத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. மார்கழி பிறந்தும் மழை விடவில்லை, காப்பிப் பழம் செடியிலேயே வெடித்துக் கீழே கொட்டுகிறது, பறித்ததைக் காயவைக்க வெயில் இல்லை. ராணியும் வெள்ளையம்மாளும்தான் பறிக்க வருகிறார்கள், மற்றவர்கள் எல்லாரும் பெரிய எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்கள். அரை மணிக்கு ஒருதரம் களத்தை மூடுவதும் திறப்பதுமாக என் இடுப்பு போய்விட்டது. இதற்கு நடுவில் உங்கள் ஊர் வானத்தையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆசிர் என் போனில் வானிலை காட்டுகிற ஒன்றை வைத்துக் கொடுத்தான், மேலே ஏற்காடு, கீழே கவுண்டி என்கிற உங்கள் மாவட்டம். நான் மேலே இருப்பதைப் பார்ப்பதே இல்லை, இங்கே என்ன நடக்கும் என்று ஜன்னலைத் திறந்தாலே தெரிகிறதே. உங்களுடையதைத்தான் காலையில் பல் விளக்கும் முன் பார்க்கிறேன், மைனஸ் போட்டு ஒரு எண், அதற்குக் கீழே காற்றோடு சேர்த்தால் இன்னும் கீழே ஒரு எண். குளிர் ஒன்று போதாதென்று காற்றுக்குத் தனிக் கணக்கா என்று ராணியிடம் காட்டினேன். 'அந்தக் குளிருக்கு நம்மூட்டுக் கோழி என்னாவுங்க' என்று கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் கோழிதான்.

உன் ஊர்க் காலங்களை நான் இப்போது ஒப்பிப்பேன். சித்திரையில் சுழற்காற்றுக்குச் சங்கு ஊதும், ஒன்றுமில்லாத நாளிலும் மாதத்துக்கு ஒருதரம் சும்மா ஊதிப் பார்ப்பார்கள். அதை ஒருநாள் உன் போனில் கேட்டு நான் செபமாலையைத் தேடி ஓட, நீ 'டெஸ்டிங்கும்மா' என்று விழுந்து விழுந்து சிரித்தாய். ஆடி மாதம் சோளக்காடு முழுக்க ஈரத்தை விட்டு விட்டு ஊரே வேர்க்கும், சேலம் பஸ் ஸ்டாண்டே தேவலை என்றாய். நடுவில் ஒரு ஆலங்கட்டி மழை உன் கார்க் கண்ணாடியை உடைத்தது. அப்புறம் அறுப்பு முடிந்தால் பூமி மொட்டை, காற்றுக்குக் குறுக்கே நிற்க ஒரு சில்வர் ஓக் மரம்கூடக் கிடையாது. இது வரைக்கும் எனக்குப் புரிந்திருந்தது. ஸ்நோ என்றால் வானத்திலிருந்து விழும், விழுந்தால் நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் விழுந்ததைக் காற்று தரையிலிருந்து வாரி எடுத்து வீசும், மேலே நிமிர்ந்தால் நீல வானம் தெரியும், கீழே சொந்தக் கால் தெரியாது என்று ஆசிர் சொல்லித்தான் தெரியும். அதைக் கேட்டதும் நீ ஏன் இறங்கினாய் என்று எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளையாகச் சூழ்ந்தால் நமக்கு அது மூடுபனி. இங்கே மூடுபனி வந்தால் சோம்பேறி மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அங்கே அது ஓடுகிறது. இங்கே ரோட்டோரம் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, வளைவுக்கு வளைவு நம்பர் இருக்கிறது, பின்னால் வருகிற பஸ்காரன் உன் அப்பனுக்குச் சிநேகிதன். கொண்டை ஊசியில் கண் தெரியாவிட்டால் ஒருவர் இறங்கி முதுகில் சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பதும், அந்தச் சிவப்பைப் பார்த்து வண்டி பின்னால் ஊர்வதும் இந்த மலையில் எல்லாரும் செய்வதுதான். நீ பன்னிரண்டாவது படிக்கும்போது, குப்பனூர் வழியாக ஏறி வந்த ஒரு சாயங்காலம், அப்பா ஓட்ட நீதான் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாய், ஊடு வந்து சேர்ந்ததும் என்னிடம் மூச்சுவிடாமல் பீற்றிக்கொண்டாய். அது தப்பும் இல்லை, யார் சொல்லிக் கொடுத்ததும் தப்பில்லை. இந்த மலைக்கு அது சரி. உன் ஊருக்கு அது சரியில்லை, அவ்வளவுதான். இதை நான் அவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், காதில் போட்டுக்கொண்டால்தானே.

போன வாரம் நடந்ததைக் கேள். ராணி அப்பாவின் ஜீப்பில்தான் மேலே ஏறி வந்தாள், அவள் சொன்னது. மூடுபனி நொம்ப கனமாக இறங்கியிருக்கிறது, வளைவில் வெளியூர்க் கார் ஒன்று, பெண்டு பிள்ளைகளோடு, நகர முடியாமல் நின்றிருக்கிறது. அதற்குப் பின்னால் நம் ஜீப், ஜீப்புக்குப் பின்னால் சின்னராஜின் பஸ். அந்தக் கார்க்காரர் இறங்கி வந்து 'அண்ணே, கொஞ்சம் முன்னாடி நடந்து காட்டுங்க' என்று கேட்டிருக்கிறார். அப்பாவும் வழக்கம்போலத் துண்டை எடுத்து உதறியிருக்கிறார். உதறினவர் அப்படியே நின்றுவிட்டாராம். ராணி ஏதோ பூச்சி கடித்துவிட்டதென்று நினைத்திருக்கிறாள். பிறகு விடுவிடுவென்று காருக்குப் போய், 'யாரும் எறங்காதீங்க, குழந்தைய எறக்காதீங்க, கண்ணாடிய ஏத்திட்டு உள்ளயே உக்காருங்க, தன்னால வெலகும்' என்று அதட்டியிருக்கிறார். அது தன்னால் விலகுமா, சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான். பின்னால் ஒண்டிக்கடை பஜாருக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஹாரன் அடிக்க, கடைசியில் சின்னராஜே பஸ்ஸைக் கண்டக்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி வந்து, 'ஏனுங்க சிங்கராயரண்ணே, ஒடம்புக்கு முடியலீங்களா, துண்டைக் குடுங்க' என்று அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார். வண்டிகள் பத்திரமாக மேலே வந்து சேர்ந்தன. கடைத்தெருவில் ரெண்டு நாள் இதுதான் பேச்சு, சிங்கராயருக்குப் பனியைக் கண்டு பயம் வந்துவிட்டது என்று சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை கண்ணு. இத்தனை வருஷம் இந்த மலையில் எல்லாருக்கும் முன்னால் நடந்த மனுஷன், யாரோ ஒரு குழந்தையைக் காரைவிட்டு இறங்காதே என்று கெஞ்சியிருக்கிறார். அந்த நேரம் அவர் ஏற்காட்டு ரோட்டிலேயே இல்லை, உன்னோடு நின்றிருக்கிறார்.

அன்றைக்கு ஊட்டுக்கு வந்ததும் வாளியை எடுத்துக்கொண்டு ஜீப்பைக் கழுவப் போய்விட்டார். மறுநாள் ஆசிரை வரச்சொல்லி, 'அந்த ஊர்க்காரங்க மாட்டிக்கிட்டா என்னதாஞ் செய்வாங்க, வெவரமாச் சொல்லு' என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார். வண்டிக்குள்ளேயே இருப்பார்கள், கம்பளி வைத்திருப்பார்கள், புகைக்குழாயை ஸ்நோ அடைத்துவிடாமல் கதவைப் பிடித்தபடி துடைத்துவிட்டு உடனே ஏறிவிடுவார்கள், எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பார்கள், ஜன்னலைத் துளி இறக்கி வைப்பார்கள் என்று அவன் சொல்லச் சொல்ல இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஆசிர், 'தேடி வர்றவங்க கண்ணுல படறதுக்கு நல்ல கலர்த் துணியா ஒன்ன வண்டி மேல கட்டுவாங்க மாமா' என்றான். இவர் 'என்ன கலரு' என்றார். 'செவப்பு நல்லதுங்க' என்றான். அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

தன் பழைய துண்டை எடுத்துத் துவைத்தார். மூடுபனி இறங்குகிற நேரமாகப் பார்த்து அதை ஜீப் கண்ணாடிக் கம்பியில் கட்டிவிட்டு என்னைக் களத்தின் கோடிக்குப் போய் நிற்கச் சொன்னார். அடுப்பில் பால் இருக்கிறது என்றேன், கேட்டால்தானே. 'தெரியுதா' என்று கத்துகிறார். 'என்னங்க தெரியோணும், எனக்கு நீங்களே தெரியல' என்று நானும் கத்துகிறேன். துவைத்துத் துவைத்து வெளுத்த துண்டு, எங்கே தெரியப்போகிறது. முகம் வாடிப்போனது. அன்று மத்தியானமே ஒண்டிக்கடைக்குப் போய்த் துணிக்கடையில் இருக்கிற சிவப்புத் துண்டு எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவரச் செய்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, ஒன்றை வாங்கி வந்தார். மறுபடியும் நான் களத்துக் கோடி. இந்தத் தடவை தெரிந்தது. ஜீப் தெரியவில்லை, அவர் தெரியவில்லை, அது மட்டும் அந்தரத்தில் தெரிந்தது. தெரிகிறது என்று கத்தினேன். நாலு மூலைக்கும் அவரே உட்கார்ந்து நாடா தைத்தார், ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். விறைத்த விரலால் முடிச்சுப் போட வராது என்று நாடாவை நீளமாக வைத்து, சுருக்கு மாதிரி இழுத்தால் இறுகுகிற விதமாகச் செய்திருக்கிறார். பொட்டலத்தில் இருப்பது அதுதான்.

இன்னொன்றும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று எழுத எனக்குக் கை பரபரக்கிறது. நேற்று ஒரு தாளில் எழுதியும் விட்டேன், அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்பா உன் போனை எடுக்காததற்கும் அதுதான் காரணம், வாயைத் திறந்தால் முதலில் அந்தப் பேச்சுதான் வந்து விழும், நீ எத்தனை ஆசையாகப் போன வேலை என்று அவருக்குத் தெரியும். அந்த இல்லத்தில் உன்னை எதிர்பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற கிழவிகளைப் பற்றி நீ சொல்கிற கதையை அவர்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஆகையால் நாங்கள் வா என்று சொல்லவில்லை. நீயும் எங்களிடம் குக்கர் என்று சொல்லாதே. விரல் கறுத்தால் கறுத்தது என்று சொல், நாங்கள் அழுதுவிட்டுப் போகிறோம். தெரியாமல் இருப்பதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த ரெண்டு விரலிலும் உணர்ச்சி முழுக்கத் திரும்பிவிட்டதா என்று டாக்டரிடம் காட்டு. டேல் பெரியவர் ஊட்டுக்கு அதே பொட்டலத்தில் நம் மிளகும் காப்பித்தூளும் வைத்திருக்கிறேன், நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு, நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துப் போ. அவர் அழுத்தின ஹாரனுக்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடாகாது, இருந்தாலும் கொடு. காரில் கம்பளியும் தண்ணீரும் தின்பதற்கு ஏதாவதும் எப்போதும் இருக்கட்டும். காற்று அடிக்கும் என்று போனில் போட்டால் லீவு சொல்லிவிடு, இல்லாவிட்டால் அன்றைக்கு அங்கேயே தங்கிவிடு, கிழவிகள் சந்தோஷப்படுவார்கள்.

மேகம் மறுபடி திரள்கிறது, வெள்ளையம்மாள் களத்திலிருந்து கூப்பிடுகிறாள், நான் போக வேண்டும். மாதா உன் வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் துணை இருக்கட்டும், சேசு உன்னைக் கைவிடாதிருக்கட்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பா கொடுத்தது என்று அந்தத் துண்டைப் பத்திரமாக அலமாரியில் மடித்து வைத்துவிடாதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும். வண்டியிலேயே கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கட்டும். கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று அப்பாவிடம் பேனாவை நீட்டினேன், வாங்கவில்லை, நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே என்னை எழுதச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'இதைத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்காத சாமி. வண்டியில கட்டிப்போட்டு உள்ளயே உக்காந்திரு. இந்தத் தடவ நீ முன்னால போவ வேண்டாம், வர்றவங்க உன்னத் தேடி வரட்டும்.'

இப்படிக்கு,
உன் அம்மா செல்வமேரி
(பக்கத்தில் அப்பா)